ஹார்மோன் மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

கேள்வி: மொரீஷியஸில் வாக்குவாவில் வசிக்கிறேன். வயது 52. மாதவிடாய் நின்று ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இரவில் நான்கைந்து முறை உடல் கொதித்து, வியர்த்து, தூக்கமே இல்லாமல் போனதால் மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. ஆறு வாரமாகச் சாப்பிடுகிறேன். உடற்சூடு பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. ஆனால் மார்பு தொட்டாலே வலிக்கிறது, வயிறு உப்புகிறது, காலையில் குமட்டலும் தலைவலியும் இருக்கின்றன, இரண்டு முறை இலேசாக இரத்தமும் பட்டது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. "புற்றுநோய் வரும், தூக்கிப் போடு" என்கிறார் நாத்தனார். அடுத்த மாதம் காவடி விரதம் வேறு வருகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போதைக்கு நீங்களாக நிறுத்த வேண்டாம், தங்கையே. ஆனால் காவடி முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குங்கள். நீங்கள் சொன்ன ஐந்து தொல்லைகளில் நான்கு, சிகிச்சையின் முதல் சில மாதங்களில் பலருக்கும் வருபவை, பெரும்பாலும் தாமாகவே அடங்குபவை. ஐந்தாவதான இரத்தக் கசிவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை; ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. அதற்கான காரணம் அநேகமாக உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

ரோஸ்ஹில்லில் ஒரு ஃபார்மசியில் நெடுங்காலம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாத்திரையைத் தொடங்கி, இரண்டாவது அட்டை தீருமுன் கைவிட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "ஹார்மோன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். எந்த ஹார்மோன், எந்த வழியாக, எந்த அளவில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் பலருக்கு ஒரு சின்ன மாற்றமே போதுமாக இருந்திருக்கும். ஆகவே உங்கள் தொல்லைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது யாருடைய வேலை என்று பார்ப்போம்.

உங்கள் மாத்திரை பார்வைக்கு ஒன்று; உள்ளே இருப்பது இரண்டு மருந்து. உடற்சூட்டைத் தணிப்பது, தூக்கத்தைத் திருப்பித் தருவது, எலும்பைக் காப்பது எல்லாம் ஈஸ்ட்ரோஜன். ஆனால் அதைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அங்கே புற்றுநோய் வரவும் கூடும். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டோஜன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. உங்களுக்குத் தேவை. "வயிறு உப்புவது அந்த இரண்டாவது மருந்தால்தானாம்" என்று யாரோ சொல்லக் கேட்டு அதை மட்டும் விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்கிறவர்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஜெல் தனி, புரோஜெஸ்டோஜன் மாத்திரை தனி என்று வாங்குகிறவர்களிடம் இது நடக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

மார்பு வலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி ஆகியவை பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் கணக்கில் சேரும். மனம் தாழ்ந்து போவது, எரிச்சல், முகப்பரு, களைப்பு ஆகியவை புரோஜெஸ்டோஜன் கணக்கில். உப்புசத்திலும் மார்பு வலியிலும் இரண்டுக்கும் பங்கு உண்டு. மாதக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து கிடந்த உடலுக்கு அது திடீரென்று திரும்பி வந்திருக்கிறது. பழகிக்கொள்ள ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மருத்துவர்கள் முதல் மறுபரிசோதனையை மூன்றாவது மாதத்தில் வைப்பது அதனால்தான். நீங்கள் இப்போது பாதி வழியில் இருக்கிறீர்கள்.

இனி அந்தக் கசிவு. தினமும் இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கடந்தவர்களுக்கென்று வகுக்கப்பட்டது. உங்களுக்கு ஒன்பது மாதம்தான் ஆகிறது. சினைப்பைகள் இன்னும் முழுதாக ஓய்ந்திருக்காது. அவ்வப்போது தம் பங்குக்கு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருக்கலாம். அந்த நிலையில் இந்த வகை மாத்திரையைத் தொடங்கினால் பொட்டுப் பொட்டாக இரத்தம் படுவது சகஜம். ஓராண்டு ஆகாதவர்களுக்கு வேறொரு முறை உண்டு. ஈஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்டோஜன் மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினான்கு நாள் மட்டும். அதில் மாதாமாதம் சிறு இரத்தப்போக்கு வரும்; ஆனால் எப்போது வரும் என்று தெரிந்துதான் வரும். மருத்துவரிடம் "கடைசி மாதவிடாய் வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது, எனக்கு இந்த முறை சரிதானா?" என்று நேராகவே கேளுங்கள். ஒருவேளை அவர் கேட்டபோது "நின்று ஒரு வருஷம் இருக்கும்" என்று தோராயமாகச் சொல்லியிருப்பீர்கள். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரியான ஆளுக்குச் சரியான மாத்திரை கொடுத்தாலும், முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் இலேசான கசிவு இருக்கலாம். மாத்திரையை ஒரு நாள் மறந்தாலும் படும். ஆறு மாதம் கடந்தும் நிற்கவில்லை என்றால், நின்று போன பிறகு மறுபடி தொடங்கினால், அல்லது தொடக்கத்திலேயே அதிகமாகப் போனால், ஸ்கேன் எடுத்து உள்சுவரின் தடிப்பைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் சிறு திசு எடுத்துச் சோதிப்பார்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடக் கூடிய காரியம் இல்லை இது. அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவும் கிடையாது. கூடவே ஒன்று: இந்தச் சிகிச்சை கருத்தடை ஆகாது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கடைசி மாதவிடாயிலிருந்து ஓராண்டு வரை கருத்தரிக்கும் வாய்ப்பு இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பதுக்குள் நின்றவர்களுக்கு இரண்டாண்டு.

காலைக் குமட்டலுக்கும் தலைவலிக்கும் வருகிறேன். எனக்கு எழுத ஆசையான பகுதி இதுதான். பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் விஷயம், ஆனால் நம் வீடுகளில் யாரும் பேசாத விஷயம். வாய் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெரும் பகுதி சிதைந்து, மிச்சம்தான் இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே கொஞ்சம் பலன் கிடைக்க நிறைய விழுங்க வேண்டியிருக்கிறது. அது மட்டும் இல்லை. போகிற வழியில் கல்லீரலையும் தூண்டிவிடுகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் கூடுகின்றன, டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுகிறது, பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. தோல் வழியாக, அதாவது தடவும் ஜெல்லாகவோ, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையான ஒட்டாகவோ கொடுத்தால் கல்லீரலை முதலில் சந்திக்காமல் நேரே இரத்தத்துக்குப் போய்விடும். குமட்டல் மிகவும் குறையும். இரத்தத்தில் அளவு ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதால் தலைவலிக்காரர்களுக்கு, குறிப்பாக ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, அதுவே நல்லது. பிரான்ஸில் நடந்த எஸ்தர் என்ற ஆய்வு 2007-ல் வெளியிட்ட முடிவின்படி, மாத்திரையாக ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு இரத்த உறைவு அபாயம் தெளிவாகக் கூடியது. தோல் வழியாக எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

உங்களுக்கு இதில் இரண்டு கூடுதல் காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, சர்க்கரை. நம் தீவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு டிரைகிளிசரைடு ஏற்கெனவே கூடுதலாக இருப்பது வழக்கம். அதன் மேல் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஈஸ்ட்ரோஜன் சர்க்கரையைக் கெடுக்காது, சற்று உதவவும் செய்யும்; இங்கே கேள்வி கொழுப்பும் இரத்த உறைவும்தான். இரண்டாவது, தைராய்டு. வாய் வழி ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை இரத்தத்தில் கூட்டுகிறது. அதனால் நீங்கள் சாப்பிடும் தைராய்டு மாத்திரையில் உடலுக்குப் பயன்படும் பங்கு குறையலாம். களைப்பு, மலச்சிக்கல், மனச்சோர்வு, உடல் கனம் என்று வரும். பழி முழுவதும் ஹார்மோன் மாத்திரை மேல் விழும். தொடங்கிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தச் சோதனை செய்து, தேவைப்பட்டால் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். தோல் வழி மருந்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இன்னொன்று, எலும்புக்காகக் கால்சியம் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மருந்து மாறும் வரை, மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் இரவுச் சாப்பாட்டோடு போட்டுப் பாருங்கள். குமட்டல் தூக்கத்திலேயே கழிந்துவிடும். நேரத்தை மாற்றும்போது ஒரே நாளில் இரண்டு போட்டுவிடாதீர்கள்.

ஜெல்லுக்கோ ஒட்டுக்கோ மாறினால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஓரளவு இருக்கும். ஆனால் அந்தத் தாள் எழுதியவர்களுக்கு நம் வீட்டுப் பழக்கங்கள் தெரியாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் ஒட்டு நிற்காது. இடுப்புக்குக் கீழே, பிட்டத்திலோ அடிவயிற்றின் பக்கத்திலோ ஒட்ட வேண்டியது அது. மார்பில் ஒட்டவே கூடாது. எண்ணெய்க் குளியல் நாளையே ஒட்டு மாற்றும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். சிகைக்காய் போட்டு எண்ணெய்ப் பசை முழுதும் போன பிறகு, நன்றாகத் துடைத்து, உடல் சூடு தணிந்ததும், பவுடரும் கிரீமும் படாத இடத்தில் ஒட்டி உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்ற வேண்டும்; ஒரே இடத்தில் ஒட்டினால் அரிப்பும் சிவப்பும் வரும். பழைய ஒட்டின் பசை கறுப்பாகப் படிந்தால் அதற்கு எண்ணெய் தடவலாம், புதியதை வேறு இடத்தில் போடுவதாக இருந்தால். வாக்குவாவின் குளிரில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. போர்ட் லூயியில் சனவரிப் புழுக்கத்தில் வியர்த்து ஒட்டு உரிந்து வருவதாகச் சொல்லி ஜெல்லுக்கு மாறியவர்கள் உண்டு. உரிந்து விழுந்தால் புதியது ஒன்றை ஒட்டி, வழக்கமான நாளிலேயே அடுத்ததை மாற்றுங்கள்.

ஜெல்லை மேற்கையிலோ தொடையிலோ மெல்லப் பரப்ப வேண்டும். தேய்த்து உருவ வேண்டியதில்லை. காய ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, கிரீமும் தேங்காய் எண்ணெயும் கூடாது. அதில் ஆல்கஹால் இருக்கிறது. காயும் வரை தீப்பிடிக்கக் கூடியது. குளித்துவிட்டு ஜெல் தடவிய ஈரக் கையோடு சாமி அறைக்குப் போய்க் காமாட்சி விளக்கு ஏற்றுவது, அடுப்பைப் பற்றவைப்பது எல்லாம் வேண்டாம். முதலில் விளக்கை ஏற்றிவிட்டு வந்து பிறகு ஜெல் தடவுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேரக்குழந்தையைத் தூக்குகிறவர்கள் தடவிய இடத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தோலோடு தோல் பட்டு மருந்து குழந்தைக்குப் போய், சிறு பெண் குழந்தைக்கு மார்பு வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன.

ஈஸ்ட்ரோஜனைத் தோல் வழியாகக் கொடுத்தால் புரோஜெஸ்டோஜனைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி வருகிறது. மனச்சோர்வோ எரிச்சலோ உள்ளவர்களுக்கு இது முக்கியம். உடலில் இயற்கையாகச் சுரப்பதைப் போன்ற, நுண்துகளாக்கிய புரோஜெஸ்டரோன் காப்ஸ்யூலாக வருகிறது. பலருக்கு இதுவே இதமாக இருக்கிறது. இதைப் போட்டால் தூக்கம் வரும், சிலருக்குத் தலை சுற்றும். அதனால் படுக்கப் போகும்போது, சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் போட வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் அதிகமாக உறிஞ்சப்பட்டு மறுநாள் காலை வரை மயக்கம் தங்கும். இரவுத் தூக்கம் கெட்டவர்களுக்கு இந்தப் பக்க விளைவு ஒரு வரம். விரதக்காரர்களுக்கு ஒரு தகவல்: இந்தக் காப்ஸ்யூலின் ஓடு பொதுவாக ஜெலட்டின், அதாவது விலங்கிலிருந்து வருவது. சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் விரதத்தின் நடுவில் இது தெரிந்து திடுக்கிட்டு மாத்திரையை நிறுத்துவதைவிட, முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்பது நல்லது. டைட்ரோஜெஸ்டரோன் என்ற மருந்து மாத்திரையாகவே கிடைக்கிறது, அதுவும் மென்மையானது. எதைச் சாப்பிட்டாலும் மனம் சரியில்லை என்பவர்களுக்கு, லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டோஜனைச் சுரக்கும், கருப்பைக்குள் வைக்கும் வளையம் உண்டு. ஐந்து ஆண்டு வரை உள்சுவரைக் காக்கும். இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு.

மார்பு வலிக்கு இப்போதைக்குச் சரியான அளவு பிரா அணியுங்கள், இரவிலும் மென்மையான ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதத்திலும் போகவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க் காப்ஸ்யூலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், விற்றவள் சொல்கிறேன். ஒரு மார்பில் மட்டும் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு என்றால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும். கெண்டைக்கால் பிடிப்புக்குப் படுக்குமுன் சுவரில் கைவைத்துக் காலை நீட்டி இழுக்கும் பயிற்சி போதும்.

உப்புசத்தைப் பற்றிப் பேசும்போது எடையும் வந்துவிடும். ஹார்மோன் சிகிச்சை எடை போட வைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இந்த வயதில் எடை கூடுவது மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நடக்கிறது. நீர் கோத்து வயிறு உப்புவது உண்மை. உப்பைக் குறைத்தால் அது குறையும். ஊறுகாய், உப்புக் கருவாடு, வெளியில் வாங்கும் தால்பூரிக்குள் ஊற்றும் குழம்பு, எண்ணெயில் பொரித்த காத்தோ பீமாங் இவையெல்லாம் உப்பு மூட்டைகள். நாம் மாத்திரையைக் குறை சொல்லிக்கொண்டே இவற்றை விடுவதில்லை.

இப்போது நாத்தனார். அவர் காற்றில் வந்ததைச் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு பிறப்பு உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெண்கள் நல ஆய்வு ஒன்று, 16,608 பெண்களை வைத்து நடந்தது, பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. எங்கள் ஃபார்மசிக்கே அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். எண்ணிக்கை என்ன? பத்தாயிரம் பெண்களுக்கு ஆண்டொன்றுக்கு 8 பேர் கூடுதல். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கொடுக்கப்பட்டது, கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன் என்ற பழைய செயற்கை மருந்தும். ஐம்பதின் தொடக்கத்தில், உடற்சூட்டால் தூக்கமிழந்து வரும் பெண்ணின் நிலை அதுவல்ல.

அதற்காக அபாயமே இல்லை என்று சொல்லும் கூட்டத்திலும் நான் சேர மாட்டேன். இணையத்தில் இப்போது அந்தக் கூட்டம்தான் பெரிது. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் உலகின் பல ஆய்வுகளைத் திரட்டிப் போட்ட கணக்கு இது: வளர்ந்த நாடுகளில் 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டு, தினமும் இரண்டு ஹார்மோனையும் எடுத்தவர்களில் 69 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது நூறில் ஏறத்தாழ 8 பேருக்கு, எடுக்காதவர்களில் நூறில் 6 பேருக்கு. அதாவது ஐம்பது பேருக்கு ஒருவர் கூடுதல். நீண்ட காலம் எடுத்தால் கூடும். பிரான்ஸில் 1990-ல் தொடங்கி ஒரு லட்சம் பெண்களை, பெரும்பாலும் ஆசிரியைகளை, தொடர்ந்து கவனித்த இ3என் ஆய்வில் நுண்துகளாக்கிய புரோஜெஸ்டரோனைச் சேர்த்து எடுத்தவர்களுக்கு முதல் சில ஆண்டுகளில் அபாயம் கூடவில்லை. ஐந்து ஆண்டைத் தாண்டியவர்களுக்குச் சற்றுக் கூடியது. இந்த எண்களை வைத்துக்கொண்டு, உறக்கமில்லாத இரவுகளையும் ஒரு தட்டில் வைத்து நீங்கள்தான் எடைபோட வேண்டும். உங்கள் தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உங்களுக்கே இருந்திருந்தால் இந்த மருந்து பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்து நெடுநாளாகியிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டையில் வலித்தால். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் இரத்தம் வந்தால். இதுவரை அறியாத கடுந்தலைவலி, பார்வை மறைவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் வலுவிழப்பது என்று எது வந்தாலும் 114-ஐ அழைத்து சாமு ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். கண் மஞ்சளானால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீண்ட விமானப் பயணமோ அறுவை சிகிச்சையோ வருகிறது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காவடிக்கு வருவோம். விரத நாட்களில் தீட்டு ஆகிவிடக் கூடாதே என்ற பயம் உங்கள் கேள்வியின் ஓரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலேசான கசிவோடு கோவிலுக்குப் போகலாமா என்பது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் கசிவு வராமல் இருக்க மாத்திரையை நிறுத்தினால் நேர்மாறாகவே நடக்கக்கூடும். புரோஜெஸ்டோஜன் திடீரென்று நின்றால், அது தாங்கிப் பிடித்திருந்த உள்சுவர் சில நாட்களில் உதிரலாம். பொட்டாகப் பட்டது போக்காகவே வந்துவிடலாம். விரதத்துக்குச் சற்று முன்பு நிறுத்துவதைப் போல மோசமான நேரம் வேறில்லை. மருத்துவர் முறையை மாற்றினாலும், எப்போது இரத்தம் வரக்கூடும் என்று அவரிடமே கணக்குக் கேட்டு, காவடி நாளைச் சொல்லித் தொடங்குங்கள். அவர் தமிழராக இல்லாவிட்டாலும் பொது விடுமுறை நாள் ஆயிற்றே, புரிந்துகொள்வார்.

ஒரு வேளை மட்டும் உண்கிறவர்கள் அந்த வேளையோடு மாத்திரையைப் போடுங்கள். தைராய்டு மாத்திரை எப்போதும்போல் விடியலில் வெறும் தண்ணீரோடு. நடக்கும் நாளில் வெயிலில் தண்ணீர் குறைந்தால் தலைவலி நிச்சயம். அதை மருந்தின் மேல் போடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறி வரும் நாளில் வயிறு உப்பினால், அது ஏழு கறியின் வேலை.

மருத்துவரிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். சமையலறையில் தொங்கும் நாட்காட்டியிலேயே குறியுங்கள்: மாத்திரை போட்ட நேரம், இரத்தம் பட்ட நாள், தலைவலி நாள், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள். "எல்லாம் சரியில்லை, டாக்டர்" என்று சொன்னால் அந்தப் பத்து நிமிடத்தில் அவரால் செய்யக் கூடியது நிறுத்தச் சொல்வதுதான். குறித்ததைக் காட்டினால் தோல் வழி மருந்துக்கு மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, புரோஜெஸ்டோஜனை மாற்றுவதா என்று பேச முடியும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. போர்ட் லூயி சந்தையில் வாங்கும் டிசான் மூலிகைக் கட்டு எதையாவது காய்ச்சிக் குடிக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். செரிமானத்துக்கு ஒரு கப் அயபானா இலைக் கஷாயம் பற்றி நான் கவலைப்படவில்லை. "மெனோபாஸுக்கு" என்று விற்கும் கலவைகளில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் கவலை. வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்களும் மறைக்கக் கூடாது. அவற்றில் சில ஹார்மோனின் பலனைக் குறைத்துவிடும். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தின் அளவை ஈஸ்ட்ரோஜன் குறைக்கும்.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை, நிறுத்தத்தான் வேண்டும் என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். உடற்சூடு திரும்பி வரலாம். படிப்படியாகக் குறைத்தால் முதல் சில வாரங்கள் சற்று இலகுவாக இருக்கும். ஹார்மோன் இல்லாத வழிகளும் இருக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் காபாபென்டினும் குறைந்த அளவில் உடற்சூட்டைத் தணிக்கும். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட், மூளையின் வெப்ப மையத்திலேயே வேலை செய்கிறது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை அவசியம். பிறப்புறுப்பின் வறட்சியும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் மட்டுமே தொல்லை என்றால், அங்கேயே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ போதும். அது இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம், கூடவே புரோஜெஸ்டோஜனும் தேவையில்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் மட்டும் புற்றுநோய், பக்கவாதம் என்று மாத்திரைக்கு எழுதிய அதே எச்சரிக்கைகள் வரிசையாக அச்சாகியிருக்கலாம். பிரெஞ்சில் அதைப் படித்துவிட்டு மகள் பயந்து எடுத்து ஒளித்து வைத்தால், ஃபார்மசியில் இருப்பவரிடம் இந்த மருந்தையும் வாயால் போடும் மாத்திரையையும் ஒன்றாகக் காட்டி அளவு வித்தியாசத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.